நஷ்டம் யாருக்கு?

படத்துக்கு விலை பேசுவதுதான் எங்கள் தொழில் என்று வெளியே நினைக்கிறார்கள். விலை சீக்கிரம் படிந்துவிடும். இவ்வளவு கேட்பார், அவ்வளவு கொடுப்பார், நடுவில் ஓர் இடத்தில் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள். மீதி நேரமெல்லாம் ஒரே கேள்வியில் போகும். படம் ஓடாவிட்டால் நஷ்டம் யார் தலையில்? இதை வாய்விட்டுக் கேட்க யாருக்கும் பிடிக்காது. பூஜை போட்ட வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்பார்கள். ஆனால் எம்.ஜி., அட்வான்ஸ், அவுட்ரைட், கமிஷன் என்று நாங்கள் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள் அத்தனையும் இந்தக் கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான்.

நான் தொழிலுக்கு வந்தது மதுரையில், ஒரு விநியோக அலுவலகத்தின் ரெப்பாக. தமிழ்நாட்டைச் சினிமாக்காரர்கள் மாவட்டக் கணக்கில் பார்ப்பதில்லை. சென்னை சிட்டி; வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்த என்.எஸ்.சி.; கோவை; சேலம்; மதுரை–ராமநாதபுரம் என்ற எம்.ஆர்.; திருச்சி–தஞ்சாவூர் என்ற டி.டி.; திருநெல்வேலி–கன்னியாகுமரி என்ற டி.கே. ஆற்காடு மாவட்டங்கள் பிரிந்து, பெயர் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கள் கணக்குப் புத்தகத்தில் இன்றும் அது என்.எஸ்.சி.தான்.

படப்பெட்டியோடு ஊருக்குப் போய், தியேட்டர் கவுன்ட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வகுப்பு டிக்கெட் புத்தகத்திலும் காட்சிக்கு முந்தைய எண்ணையும் காட்சிக்குப் பிந்தைய எண்ணையும் குறித்து, டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்புவது ரெப்பின் வேலை. சம்பளம் குறைவு, படி இன்னும் குறைவு. ஆனால் பேரம் பேசப் போகிறவனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எந்த ஊரில் இரண்டாம் ஆட்டத்துக்குப் பெண்கள் வருவார்கள், அறுவடைக் காசு எந்த மாதம் கையில் புழங்கும், எந்த நடிகருக்கு எந்த ஊரில் முதல் மூன்று நாள் மட்டும் கூட்டம் என்பதெல்லாம் டி.சி.ஆரில் எழுதியிருக்கும். பின்னாளில் பெரிய அறையில் குளிரூட்டியின் கீழே உட்கார்ந்து கோடிகள் பேசியபோதும் என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்தக் கணக்குதான்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு ஏரியாவுக்கு ஒரு படம் 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி என்றால் விநியோகஸ்தர் அந்த 1 கோடியைத் தயாரிப்பாளருக்கு உறுதியாகக் கொடுத்துவிடுகிறார். தியேட்டர் பங்கு போக அவருக்கு வந்து சேர்ந்த ஷேர் 60 லட்சம் என்றால் மீதி 40 லட்சம் அவர் நஷ்டம். ஒன்றரைக் கோடி வந்தால், போட்ட பணமும் செலவும் கமிஷனும் கழிந்தபின் மிஞ்சுவது ஓவர்ஃப்ளோ. அதைப் பேசியபடி இருவரும் பிரித்துக்கொள்வார்கள். அதே 1 கோடி அட்வான்ஸ் என்றால் கதை மாறும். 60 லட்சம்தான் வந்தது என்றால் 40 லட்சத்தைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். அவுட்ரைட்டில் லாபமும் நஷ்டமும் வாங்கியவருடையது. கமிஷனில் விநியோகஸ்தர் வெளியிட்டுக் கொடுக்கிறார், அவ்வளவுதான். படம் படுத்தாலும் அவர் படுக்க மாட்டார்.

முதல் மூன்றிலும் எழுதுகிற எண் ஒன்றுதான், 1 கோடி. நஷ்டம் மட்டும் ஆள் மாறுகிறது. ஆகவே எண்ணை மட்டும் பேசி எழுந்து போகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும்.

அட்வான்ஸில் பெரிய சிக்கல், பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நேரத்தில் அது தயாரிப்பாளரிடம் இருக்காது என்பது. வட்டிக்கும் நடிகர் பாக்கிக்கும் போயிருக்கும். அப்போது வரும் வார்த்தை, “அடுத்த படத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ணே.” அடுத்த படம் எப்போது, அதில் எத்தனை ரூபாய் கழிவு, படமே எடுக்காவிட்டால் என்ன என்று அன்றே எழுதி வாங்கியவர்கள் பிழைத்தார்கள். தலையாட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியவர்கள் பலர் இன்று தொழிலில் இல்லை.

எம்.ஜி.யில் சிக்கல் வேறு மாதிரி. 2002இல் ‘பாபா’ எதிர்பார்த்தபடி போகாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அதற்குப்பின் பெரிய படம் சறுக்கும்போதெல்லாம் திருப்பிக் கேட்பது உரிமை மாதிரி ஆகிவிட்டது. 2014 டிசம்பரில் ‘லிங்கா’ வந்தது. அடுத்த மாதமே விநியோகஸ்தர்கள் சென்னையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். விநியோகஸ்தர் பக்கம் வளர்ந்தவன் நான், அவர்கள் வலி எனக்குத் தெரியும். நகை, வீடு என்று அடகு வைத்துப் படம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் என் தீர்ப்பு இதுதான்: உறுதித் தொகை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது உறுதித் தொகைதான். நஷ்டம் வந்தால் பங்கு வேண்டும் என்றால் அதைக் கையெழுத்துப் போடும் நாளில் கேட்க வேண்டும். அன்றைக்குக் கேட்டால் படம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பயந்து வாய்மூடி இருந்துவிட்டு, ஓடாதபின் தெருவில் உட்காருவது தொழிலுக்கு மரியாதை இல்லை.

தியேட்டர்காரர்களோடு பேசுவது இன்னொரு கலை. ராமநாதபுரம் பக்கம் ஓர் ஊர். ஒரு தீபாவளிப் படத்துக்கு டேர்ம்ஸ் பேசப் போயிருந்தேன். முதல் வாரத்துக்கு வசூலில் 70 சதவீதம் வாங்கி வா என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதலாளி காபி வரவழைத்தார், ஊர் நிலவரம் கேட்டார், பிறகு சொன்னார்: “தம்பி, அறுபதுக்கு மேல ஒத்த ரூவா ஏறாது. போன பொங்கலுக்கு உங்க ஆபீஸ் படம்தான். ரெண்டாவது வாரம் ஈ ஓட்டுனேன்.” மேசையிலிருந்து தன் சொந்த நோட்டை எடுத்து விரித்தார். அவர் சொன்னது உண்மை. இரண்டாவது திங்கட்கிழமை பகல் காட்சிக்கு வந்த ஆட்களைவிட அவர் தியேட்டரில் வேலை செய்தவர்கள் அதிகம்.

சதவீதத்தை விட்டுவிட்டு அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தேதியிலிருந்து வசூல் திடீரென்று இறங்கியிருந்தது. “இந்த வெள்ளிக்கிழமை என்ன முதலாளி நடந்துச்சு?” என்று கேட்டேன். முகம் மாறியது. அடுத்த ஊர் தியேட்டரிலும் அதே படத்தை எங்கள் அலுவலகமே எட்டாம் நாள் போட்டுவிட்டது என்றார். பஸ்ஸில் கால் மணி நேர தூரம். அவருடைய பயம் 70 சதவீதத்தில் இல்லை, பக்கத்து ஊரில் இருந்தது. “மூணு வாரத்துக்கு அங்க படம் போகாது. எழுதித் தர்றேன்” என்றேன். முதல் வாரம் 70, இரண்டாவது 60, மூன்றாவது 50 என்று அவரே சொன்னார். அட்வான்ஸும் கொடுத்தார். அந்த மூன்று வாரம் பக்கத்து ஊர்க்காரர் தினமும் போன் செய்து திட்டினார், பெட்டி போகவில்லை. அதன்பின் அந்த முதலாளி என்னிடம் டேர்ம்ஸ் பேசியதே இல்லை. “நீயே போட்டுக்க தம்பி” என்பார். அப்படிச் சொல்பவரிடம் ஒரு சதவீதம்கூடக் கூட்டிப் போடக்கூடாது. நான் போட்டதில்லை.

சென்னைக்கு வந்தபின் மவுண்ட் ரோட்டை ஒட்டிய மீரான் சாகிப் தெருதான் எனக்கு உலகம். விநியோக அலுவலகங்கள், போஸ்டர்கள், டீக்கடைகள், மாடிப்படியில் நின்று பேசும் பைனான்ஸ் புரோக்கர்கள். தெருவில் ஒருவர் தட்டில் வெற்றிலை பாக்கோடு 1,001 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டால், மறுநாள் வேறொருவர் இரண்டு மடங்கு கொடுத்தாலும் படம் கை மாறாது. “கை நீட்டிக் காசு வாங்கிட்டேன்” என்று சொல்லிவிடுவார்கள். அந்த வாக்குச் சுத்தத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதை மதிக்கிறேன். ஆனால் வாக்கு, கொடுத்த மனிதரோடு போய்விடுகிறது. அவர் கண்மூடினால் மகனுக்கு அது தெரியாது. காகிதம்தான் தெரியும்.

இந்தத் தொழிலின் உண்மையான பேரம் நடப்பது வியாழக்கிழமை ராத்திரியில். பிலிம் இருந்த காலத்தில் நெகட்டிவ் லேபில் இருக்கும், பிரசாத், ஜெமினி போன்ற இடங்களில். பணம் கொடுத்த பைனான்சியர் லேபிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்திருப்பார். என் சம்மதம் இல்லாமல் பிரிண்ட் வெளியே போகக்கூடாது என்பது அதன் சாரம். அதுதான் லேப் லெட்டர். வெள்ளிக்கிழமை படம் என்றால், முந்தைய ராத்திரி பைனான்சியர் கிளியரன்ஸ் கொடுக்க வேண்டும். பாக்கி உள்ள எல்லோரும் அன்று அங்கேதான் இருப்பார்கள். டிஜிட்டல் வந்தபின் பெட்டி போய்விட்டது, பஞ்சாயத்து போகவில்லை. இப்போது கே.டி.எம். என்கிற டிஜிட்டல் சாவி. சர்வரில் படம் ஏற்கெனவே ஏறியிருக்கும். இந்தத் தியேட்டரில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை ஓடலாம் என்று சாவி வந்தால்தான் திரையில் விழும். காலைக் காட்சிக்கு ரசிகர்கள் வாசலில் நிற்க, கே.டி.எம். வரவில்லை என்று கேட்டைச் சாத்தும் செய்தி வந்தால், எங்கோ ஓர் அறையில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று பொருள்.

பிலிம் காலத்து ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். நடுத்தரப் படம். தயாரிப்பாளர் எனக்கு வேண்டியவர். பைனான்சியர் அலுவலகத்தில் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. முதல், வட்டி இரண்டும் முழுதாக வைத்தால்தான் லெட்டர் என்கிறார் அவர். தயாரிப்பாளரிடம் பாதிதான் இருக்கிறது. இரண்டு ஏரியாக்காரர்கள் பாக்கித் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, படம் வருவது உறுதியானால்தான் கொடுப்போம் என்கிறார்கள். இவர் கொடுத்தால் அவர் விடுவார், அவர் விட்டால் இவர் கொடுப்பார். அறையில் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள்.

நான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். இடது பக்கம் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், வலது பக்கம் எங்கெங்கிருந்து எவ்வளவு, எந்தக் கிழமை வரும் என்று எழுதினேன். கோபத்தில் இருக்கும் ஆட்கள் எண்ணை எழுதிப் பார்த்ததும் கொஞ்சம் அடங்குவார்கள்; இது பல அறைகளில் நான் கண்டது. பிறகு பைனான்சியரிடம் பேசினேன்.

“அண்ணே, நாளைக்குப் படம் வரலைன்னா உங்க காசு மொத்தமும் உள்ளயே கிடக்கும். அடுத்த வாரம் பெரிய படம் வருது, தியேட்டரே கிடைக்காது.”

“அதுக்கு? பாதிய வாங்கிட்டு வாயப் பொத்திக்கிட்டுப் போகச் சொல்றியா?”

“இல்லண்ணே. இந்த ரெண்டு ஏரியா பாக்கி நேரா உங்களுக்கு. தயாரிப்பாளர் கைக்கே வராது. மீதிக்குக் கோவை ஏரியா ஷேர், திங்கக்கிழமையிலிருந்து உங்க கணக்கு தீர்ற வரைக்கும் உங்க பேருக்கு. ஏரியாக்காரரும் இதுல கையெழுத்துப் போடுவாரு.”

அவர் வெகுநேரம் தாளைப் பார்த்தார். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் சொல்லியிருந்தேன். அதை அவர் விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. எல்லாவற்றிலும் தோற்றுவிட்டதாக நினைக்கும் மனிதர் ராத்திரி ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட மாட்டார். கடைசியில் போனை எடுத்து லேபுக்குப் பேசினார். பெட்டிகள் விடியுமுன் கிளம்பின. படம் சுமாராகத்தான் போனது. ஆனால் அவர் கணக்கு தீர்ந்தது, ஏனென்றால் ஓடாவிட்டால் என்ன என்பதும் அந்தத் தாளில் இருந்தது.

இப்போது அந்த அறைகள் நீதிமன்றம் வரை நீள்கின்றன. 2025 மார்ச் 27 அன்று ‘வீர தீர சூரன்’ காலைக் காட்சிகள் ரத்தாயின. உரிமை ஒப்பந்தம் தொடர்பாகத் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு. சமரசமாகி மாலையில்தான் படம் திரைக்கு வந்தது. பெரிய நடிகர் படத்துக்கு முதல் நாள் காலைக் காட்சிகள் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று ரெப்பாக இருந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒப்பந்த எழுத்துக்கு வருகிறேன். தமிழ் சினிமா அதிகம் இழந்தது இங்கேதான்.

1993இல் சன் டிவி வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் ராஜ், விஜய். அதுவரை தூங்கிக்கிடந்த பழைய படங்களுக்குத் திடீரென்று விலை வந்தது. நெகட்டிவ் உரிமை என்ற பெயரில் சொற்ப விலைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். 99 வருஷத்துக்கு என்று எழுதிய பத்திரங்கள் எத்தனையோ என் கண்ணில் பட்டிருக்கின்றன. இந்தியச் சட்டத்தில் ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம்தான். இல்லாத வருஷங்களையும் சேர்த்து எழுதுகிற அளவுக்கு யாரும் அந்தப் பத்திரத்தைப் படிக்கவில்லை.

பழைய தயாரிப்பாளர் ஒருவரின் மகள் ஒருமுறை அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களைக் கொண்டுவந்தார். எல்லாம் விற்றாயிற்று என்று ஒரு கம்பெனி சொல்கிறது, உண்மையா என்று கேட்டார். பத்திரம் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். 35 எம்.எம்., 16 எம்.எம்., வீடியோ கேசட் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தது. தொலைக்காட்சி என்ற சொல்லே இல்லை. “அம்மா, டிவி உரிமை உங்க வீட்டுலதான் இருக்கு” என்றேன். பிறகு ஒரு சேனலோடு பேசினோம். அவர்கள் நிரந்தர உரிமைக்கு ஒரு தொகை சொன்னார்கள். ஐந்து வருஷம், இத்தனை முறை ஒளிபரப்பு என்று நாங்கள் பிடிவாதமாக நின்று, சற்றே குறைந்த தொகைக்கு முடித்தோம். காலம் முடிந்ததும் மறுபடி விற்றார். அப்பா எடுத்த படம் இன்றும் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் எழுத்தாளர்களும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும் நாளில் இல்லாத ஊடகத்துக்கு, பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலொழிய, அந்த எழுத்து செல்லாது. படத்தில் இடம்பெற்ற பாட்டையோ எழுத்தையோ தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர வேறு வழியில் பயன்படுத்தினால் வரும் ராயல்டியில் சமபங்கைப் படைத்தவர் தன் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கினாலும் அது நிற்காது. முன்பிருந்தே உள்ள பிரிவுகளும் இருக்கின்றன. எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டு உரிமை பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியை மறந்து பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஓடிடி வந்தபின் மேசையின் எதிர்ப்பக்கம் ஆள் மாறிவிட்டார். 2012 இறுதியில் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச்.சில் முதலில் காட்டப் போவதாக அறிவித்தபோது தியேட்டர்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். ஏழரை வருஷம் கழித்து, 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வந்தது. அப்போதும் எதிர்த்தார்கள், ஆனால் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தன. அதன்பின் சில காலம் ஓடிடி பணம் ஆறாக ஓடியது. அந்த விலையை நம்பி நடிகர் சம்பளம் ஏறியது. இன்று ஓடிடி வாங்காவிட்டால் பல படங்களுக்கு வெளியீட்டுத் தேதியே வைக்க முடிவதில்லை. தேதி தள்ளினால் விலை குறையும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. தியேட்டருக்கு நான்கு வாரம், பிறகு ஓடிடி என்பது தமிழில் வழக்கமாகிவிட்டது. இந்திப் பதிப்புக்கு மல்டிபிளெக்ஸ்காரர்கள் எட்டு வாரம் கேட்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், நான்கு வாரம் சிறிய ஊர்த் தியேட்டரைக் கொன்றுகொண்டிருக்கிறது. ராமநாதபுரத்து முதலாளி இருந்திருந்தால் இதற்கு 60 சதவீதம்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.

இந்த ஒப்பந்தங்களில் தொகையைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது தவணை. கையெழுத்தில் கொஞ்சம், டெலிவரியில் கொஞ்சம், ஒளிபரப்புக்குப்பின் மீதி என்று இருக்கும். டெலிவரி என்றால் என்னென்ன கோப்புகள், தரப் பரிசோதனையில் திருப்பி அனுப்பினால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பது இணைப்பில் பொடி எழுத்தில் இருக்கும். டிவி ஒப்பந்தத்தில் சான்றிதழ் பற்றி ஒரு வரி இருக்கும்; ‘ஏ’ வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, ஆகவே விலை விழும். தகராறு வந்தால் எந்த ஊர் என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். மும்பை என்று எழுதியிருந்தால் சாலிகிராமத்துச் சிறு தயாரிப்பாளர் வக்கீல் வைத்து அங்கே எத்தனை முறை போய்வர முடியும்? அவர் போகமாட்டார் என்று எழுதியவருக்குத் தெரியும். சென்னை என்று மாற்றிக் கேளுங்கள். பல நேரம் மாற்றித் தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

தனி ஆள் கேட்டால் கிடைக்காதது சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் பாதி வரை தயாரிப்பாளர் சங்கம் புதுப்படங்களை நிறுத்தி வைத்தது, டிஜிட்டல் திரையிடலுக்கான கட்டணத்தை எதிர்த்து. அதில் எல்லோருக்கும் இழப்பு. கட்டணம் குறைந்ததும் அதனால்தான்.

நான் பார்த்த ஒப்பந்தங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் அதைப் படிக்க முடியாதவர்கள். ஆகவே சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தியேட்டர், ஏரியா, டிவி, ஓடிடி, இசை என ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சடித்து, புது உறுப்பினர் சந்தா கட்டும் அன்றே அவர் கையில் கொடுங்கள். எத்தனை வருஷம், எந்தெந்த ஊடகம், எந்தெந்த நாடு, எந்தத் தவணை, எந்த ஊர் நீதிமன்றம், படம் ஓடாவிட்டால் நஷ்டம் யாருக்கு என்ற ஆறு இடங்களைக் கோடிட்டுக் காலியாக விடுங்கள். அந்த ஆறும் நிரம்பாமல் எவரும் பேனாவை எடுக்க வேண்டாம்.